‘போர்டு போச்சு சார்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

சுவர் அலமாரியில் பதித்த ஓவன் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தச் சாதனத்தை ‘அவன்’ என்று எழுதுபவர்களும் உண்டு. நான் ஓவன் என்றே எழுதப் போகிறேன். இந்தக் கதையில் ஒரு மெக்கானிக் வருகிறார். அவரை ‘அவன்’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கிறது. குழப்பம் வேண்டாமே.

எங்களுடையது மின்சார ஓவன். ஆறு வருடம் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. ஒரு நாள் உள்ளே வைத்தது மேலே நன்றாகச் சிவந்துவிட்டது, அடிப்பக்கம் வெளுத்தபடியே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே ஒழுங்காக இருக்கிறது, உள்ளே விசிறி சுற்றுகிறது, கிரில் போட்டால் மேலே இருக்கும் காயில் தகதகவென்று சிவக்கிறது. கீழே மட்டும் சூடே இல்லை. படிக்கும்போதே உங்களில் பாதிப் பேருக்கு விடை தெரிந்திருக்கும். அன்று எனக்குத் தெரியவில்லை.

ஓவன் கம்பெனியின் பெயரையும் ‘சர்வீஸ்’ என்ற சொல்லையும் போட்டுத் தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர் போலவே பேசினார்கள். அது காசு கொடுத்து மேலே ஏற்றிய விளம்பரம், தயாரித்த கம்பெனிக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சரியான எண் வாரண்டி அட்டையிலேயே அச்சாகியிருந்தது. அட்டை இழுப்பறையின் அடியில் கிடந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் ஓவனைப் போட்டார், இரண்டு நிமிடம் நின்றார், கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார். “போர்டு போச்சு சார்” என்றார். ஓவனை இயக்கும் மின்னணுப் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். அவ்வளவுதான் பரிசோதனை. அவர் தோளில் தொங்கிய பையில் வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தது, மஞ்சள் நிறம், நானே பார்த்தேன். அது பையை விட்டு வெளியே வரவேயில்லை.

அப்புறம் ஓவனை அலமாரியிலிருந்து இழுத்தார்கள். இது லேசான வேலை இல்லை. இந்த மாதிரி ஓவன் 30 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அலமாரியின் ஓரம் பெயர்ந்து வந்தது. போர்டைக் கழற்றி, “வொர்க்‌ஷாப்ல டெஸ்ட் பண்ணிட்டு, தேவைன்னா புதுசு போட்டுடலாம்” என்று எடுத்துக்கொண்டு, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரசீது கேட்டேன். “வேலை முடிஞ்சதும் மொத்தமா தர்றோம் சார்.” நானும் சரி என்றேன். இப்போது நினைத்தால் எரிச்சல் அவர்மேல் வருவதைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது.

பத்து நாள் கழித்து ‘புது போர்டு’ வந்தது. மாட்டினார், ஓவனைப் போட்டார், சூடானது. எனக்கு ஒரே சந்தோஷம். மிச்சப் பணத்தையும் கொடுத்தேன். புது ஓவன் விலையில் ஏறக்குறைய பாதி.

அவர் செய்த வித்தையை நான் கவனிக்கவில்லை. விசிறிச் சூடு என்ற முறையில் வைத்துக் காட்டியிருக்கிறார். அதற்கு விசிறியைச் சுற்றி வளையமாகத் தனி எலிமென்ட், அதாவது சூடு தரும் காயில், உண்டு. அது முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. கீழ் எலிமென்ட்டை அவர் போட்டே பார்க்கவில்லை. மறுநாள் வழக்கமான முறையில் வைத்தேன். மேலே சிவப்பு, கீழே வெளுப்பு.

அதோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. அரை மணி நேரம் ஓடியதும் ஓவன் தானாக நின்றுவிட்டது. முன்பக்கப் பலகை தொட முடியாத அளவு சுட்டது. போன் செய்தேன். “பழைய போர்டு கெட்டதால எலிமென்ட்டும் அடிவாங்கியிருக்கு சார், சென்சாரும் மாத்தணும், அது தனி சார்ஜ்” என்றார். வந்து பார்க்காமலே, போனிலேயே.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் மகள் போர்டைக் கழற்றும்போது விளையாட்டாக இரண்டு போட்டோ எடுத்திருந்தாள். அதில் போர்டின் ஸ்டிக்கர், சீரியல் எண் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. பக்கத்து வீட்டு நண்பர் கைகொடுக்க, ஓவனை மீண்டும் இழுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே எண். அதே ஸ்டிக்கர். அதன் ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கறையைக்கூடத் துடைக்கவில்லை. என் போர்டையே பத்து நாள் ஊர் சுற்றிக் காட்டிவிட்டு எனக்கே விற்றிருக்கிறார்.

அதன்பின் நானே பார்ப்பது என்று இறங்கினேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. செய்த வேலை எதுவும் மின்சாரம் ஓடும்போது செய்தது இல்லை. அது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓவனின் பட்டனை அணைத்தால் போதாது, அதற்கான பிரேக்கரையே இறக்க வேண்டும். இறக்கியபின் டிஸ்ப்ளேவும் விளக்கும் செத்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். அதோடும் நிற்காமல், கம்பியைத் தொடும் முன் மீட்டரை வோல்ட்டில் வைத்து, முதலில் வேலை செய்யும் வேறொரு பிளக்கில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஓவனில் வோல்ட் இல்லை என்பதை உறுதிசெய்தேன். இதில் கை நடுங்குகிறவர்கள் செய்யாமல் இருப்பதே நல்லது. நடுங்குவது தப்பில்லை.

தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து டார்ச் அடித்தேன். கீழ் எலிமென்ட்டின் வளைவு ஒன்றில் கொப்புளம் மாதிரி வீங்கி, அதன் நடுவே முடி அளவுக்கு ஒரு பிளவு. கண்ணால் பார்த்தாலே தெரிகிற கோளாறு! அவர் குனிந்திருந்தால் பத்து வினாடியில் தெரிந்திருக்கும். (சில ஓவன்களில் கீழ் எலிமென்ட் தரைத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும்; அப்போது கண்ணால் பார்க்க முடியாது, அளந்துதான் ஆக வேண்டும்.)

பின்சுவரில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றி எலிமென்ட்டை மெதுவாக முன்னால் இழுத்தால் இரண்டு கம்பிகள் கூடவே வரும். கனெக்டரை உருவியதும் கம்பி பின்னால் நழுவித் துளைக்குள் போய்விடும், போனால் மறுபடியும் ஓவனையே இழுக்க வேண்டும். துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் கம்பியில் மாட்டிவிடுங்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, முதல் கம்பியைத் தொலைத்துவிட்டுக் கற்றுக்கொண்டது.

எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலும் மீட்டரை ஓமில் (மின்தடையை அளக்கும் முறை) வைத்தேன். முடிவிலி. அதாவது உள்ளே கம்பி அறுந்துவிட்டது. எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்: வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, எலிமென்ட்டின் வாட்டால் வகுத்தால் ஓம் வந்துவிடும். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் என்றால் சுமார் 26 ஓம். மேல் எலிமென்ட்டை அளந்தபோது கணக்குக்கு ஒட்டியே வந்தது. அளக்கும்போது ஒரு பக்கக் கம்பியாவது கழன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு தப்பான எண் காட்டும். இன்னொரு அளவும் உண்டு, ஒரு முனைக்கும் எலிமென்ட்டின் வெளி உறைக்கும் நடுவே. அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் ஆகிறது, அதாவது மின்சாரம் உறைக்குக் கசிகிறது என்று அர்த்தம், பிரேக்கர் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் மாடல் எண் பொறித்த தகடு இருக்கும். அதை வைத்துச் சரியான எலிமென்ட்டை வரவழைத்தேன். மாட்ட அரை மணி கூட ஆகவில்லை. அவர் ‘போர்டு’ என்ற பெயரில் வாங்கிய தொகையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சரி, அந்தத் தானாக நிற்கும் கோளாறு? அது முழுக்க முழுக்க அவர் கைங்கரியம். பதித்த ஓவன்களில் சமைக்கும் அறைக்கு வெளியே, மேல்பக்கம், குளிர்விக்கும் விசிறி ஒன்று உண்டு. போர்டையும் அலமாரியையும் காப்பாற்றுவது அதுதான். ஓவனை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அது ஓடும், அது கோளாறு இல்லை. அந்த விசிறியின் கனெக்டரை மாட்ட மறந்துவிட்டுப் போயிருக்கிறார். சூடு வெளியேற வழியில்லாமல் தெர்மல் கட்-அவுட் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) வெட்டியிருக்கிறது. கனெக்டரைச் செருகியதும் சரியாகிவிட்டது. எங்கள் கட்-அவுட் ஆறியதும் தானாகவே மீளும் வகை. சிலவற்றில் நடுவில் இருக்கும் சின்னப் பட்டனை அழுத்த வேண்டும், சில ஒருமுறை போனால் மாற்றத்தான் வேண்டும். எதுவானாலும் கட்-அவுட் அடிக்கடி வெட்டினால் அதை நேரடியாக இணைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னால், அவரை அப்படியே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அலமாரி மரம். அது எரியும்.

இதற்கப்புறம் தெரிந்தவர்கள் பலரிடம் பேசியதில், ‘போர்டு போச்சு’ என்ற வசனம் எத்தனை விதமான சின்னக் கோளாறுகளுக்குப் போர்வையாகிறது என்று புரிந்தது. ஒருவர் வீட்டில் கரண்ட் போய் வந்ததும் ஓவன் சூடாகவே இல்லை. காரணம், கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தது. பல ஓவன்கள் நேரத்தைச் சரிசெய்தால்தான் வேலையே தொடங்கும். இன்னொருவருக்கு விளக்கு, விசிறி எல்லாம் ஓடியும் சூடு மட்டும் இல்லை. கடையில் காட்சிக்கு வைப்பதற்கான டெமோ முறை எப்படியோ இயங்கிவிட்டது. கையேட்டில் சொன்னபடி பட்டன்களை அழுத்தி வெளியே வந்தார். குழந்தைப் பூட்டும் இந்த வகைதான்.

வெப்பநிலை கூடவோ குறையவோ இருந்தால் உடனே வெப்பத்தை அளக்கும் சென்சார் போச்சு என்பார்கள். முதலில் ஓவனுக்கான தனி வெப்பமானியை நடுத் தட்டில் வைத்து, அரை மணி விட்டுவிட்டு, பல தடவை குறித்துச் சராசரி பாருங்கள். 10 டிகிரி, 15 டிகிரி மேலும் கீழும் ஆடுவது இயல்பு, எலிமென்ட் அணைந்து அணைந்து எரிவதால் வருவது. சராசரியே ஒரே பக்கமாகத் தள்ளி நின்றால், பல மாடல்களில் அமைப்பிலேயே கூட்டிக் குறைக்கலாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தாலும் சூடு கசியும், அதை மாற்றப் பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். சென்சாரையும் அளக்கலாம்: பல ஓவன்களில் இருப்பது பூஜ்ஜியம் டிகிரியில் 1000 ஓம் காட்டும் வகை, அது அறை வெப்பத்தில் 1080, 1100 ஓம் அளவில் காட்டும். உங்கள் மாடலில் எந்த வகை என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

நீண்ட நாள் பயன்படுத்தாத ஓவனைப் போட்டதும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுகிறதா? எலிமென்ட்டுக்குள் நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் இழுத்திருக்கலாம். எந்த எலிமென்ட் என்று மேலே சொன்ன உறை அளவு பல சமயம் காட்டிக்கொடுக்கும். விழும் பிரேக்கரைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

தானே சுத்தம் செய்துகொள்ளும் முறையை ஓட்டியபின் கதவு திறக்கவில்லை என்பது இன்னொரு பிரபல புகார். அந்த முறையில் உள்ளே 450 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே போகும். ஆறும்வரை பூட்டு விடாது, விடவும் கூடாது. முழுதாக ஆறட்டும், பிரேக்கரைச் சில நிமிடம் இறக்கிவிட்டு ஏற்றுங்கள். முக்கால்வாசி நேரம் பூட்டு திறந்துவிடும். விருந்தாளி வரும் நாளுக்கு முந்தின நாள் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. அந்தச் சூட்டில்தான் பலருடைய கட்-அவுட்டும் பூட்டும் போகின்றன.

நியாயமாகவும் பேச வேண்டும். போர்டு நிஜமாகவே கெடுவதும் உண்டு. ரிலே (போர்டில் இருந்து எலிமென்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு எலிமென்ட் அணையாமலே இருப்பது, எலிமென்ட் நன்றாக இருந்தும் அதற்கு வோல்ட் வராமல் இருப்பது, சால்டர் விரிசல் விடுவது, கனெக்டர் கருகுவது, எல்லாம் நடக்கிறவைதான். ஆனால் அதைச் சொல்லும் முன் எலிமென்ட்டையும் சென்சாரையும் கட்-அவுட்டையும் அளந்து, உங்கள் கண்முன் எண்ணைக் காட்ட வேண்டும். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், மீட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். கேஸ் ஓவன் என்றாலும், மைக்ரோவேவ் சேர்ந்த ஓவன் என்றாலும் நீங்கள் திறக்கவே வேண்டாம். மைக்ரோவேவின் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும்.

வீட்டுக்கு ஆள் வரும்போது நான் இப்போது செய்வது: கழற்றுகிற எல்லாவற்றையும் எண் தெரியும்படி போட்டோ எடுக்கிறேன். பாகம் வீட்டை விட்டு வெளியே போனால் எண்ணோடு ரசீது. மாற்றிய பழைய பாகம் என்னிடமே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு முறையையும் தனித்தனியாகப் போட்டுக் காட்டச் சொல்கிறேன், கீழ்ச் சூடு தனியாக, மேல்ச் சூடு தனியாக, விசிறிச் சூடு தனியாக.

பணம் திரும்ப வரவில்லை. போட்டோக்களை அனுப்பியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். பதிவை எழுத உட்காரும் முன், போன வாரம், தேடலில் மறுபடியும் முதலில் நின்ற எண்ணை நண்பரின் போனிலிருந்து அழைத்தேன். எண் வேறு, சொன்ன பெயர் வேறு, குரல் மட்டும் அதேதான்.

“ஓவன் சூடாகலைங்க” என்றேன்.

என்ன மாடல் என்றுகூடக் கேட்கவில்லை. “போர்டா இருக்கும் சார்” என்றார்.