விதைப்பைத் தாங்கி: இரண்டு வருடம் அணிந்த அனுபவம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை ஏற்றுவது என் வேலை. காலையில் ஒன்றும் இருக்காது, மத்தியானம் ஆனால் இடது விதை கனத்து இழுக்கும். மல்லாந்து படுத்தால் குறையும். வெட்கத்தில் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் கிளினிக்கில் டொக்டர் நிற்க வைத்து, மூச்சடக்கி முக்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனும் எடுத்தார்கள். வெரிகோசீல், அதாவது விதைப்பைக்குள் நாளங்கள் புடைத்துக்கொள்வது. நாம் நரம்பு புடைத்தது என்போம், உண்மையில் அது இரத்த நாளம்.

அவர் சொல்லித்தான் இந்தத் தாங்கியை வாங்கினேன். விதைப்பையைக் கீழிருந்து ஏந்தும் துணிப்பை, இடுப்பில் அகல இலாஸ்டிக். ஒரே வாரத்தில் இழுவை பாதியானது. ஆனால் முதலில் வாங்கியது சின்ன சைஸ். இறுக்கினால் நல்லது என்று நினைத்தது தப்பு. விதைகள் உடம்பை விட 2 முதல் 4 பாகை குளிர்ந்திருக்க வேண்டும், உடம்போடு அழுத்தினால் சூடேறும். இப்போது அளவான சைஸ்தான், அதுவும் வேலை நேரத்தில் மட்டும். வீட்டுக்கு வந்தால் சாரம். மழை மாதங்களில் துவைத்தது காயாது, ஈரத்தோடு போட்டால் அரிக்கும். அதனால் மூன்றாவது வாங்கி வைக்க வேண்டும்.

"இந்தக் குளிரிலே எங்கங்க சூடு?" என்று வீட்டில் கேட்டாள். விதைக்கு இறங்கும் இரத்தக் குழாயைச் சுற்றி, ஏறும் நாளங்கள் கொடியாகப் பின்னிக் கிடக்கின்றன. ஏறுகிற குளிர்ந்த இரத்தம் இறங்குகிற இரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொள்ளும். நாளத்தின் வால்வு கெட்டால் வயிற்றுச் சூட்டோடு இரத்தம் கீழே திரும்பி அங்கேயே தேங்கும். மலைக்குளிர் அதை ஒன்றும் செய்யாது. இடது நாளம் நீளமானது, சிறுநீரக நாளத்தில் நேர்குத்தாகப் போய்ச் சேருவது. பெரும்பாலும் இடப்பக்கமே வருவது அதனால்தான். வலப்பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தும் புடைப்பு வற்றாவிட்டாலோ வயிற்றையும் ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள். திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது வேறு விஷயம், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தாங்கி வலியைத்தான் குறைத்தது. கெட்ட வால்வு கெட்டபடியே இருந்தது. கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்தும் எண்ணிக்கை குறைவுதான். போன மாதம் ஒப்பரேஷன் செய்துகொண்டேன். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும், அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த பரிசோதனை. அதுவரை மூட்டை தூக்காமல் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிறேன், தாங்கியோடு.