உப்புக்காற்றில் ரயில் மாடல்: எந்தத் தண்டவாளம், எந்தத் துருநீக்கி, எந்தப் பெயின்ட்?

பாம்பன், மண்டபம் பக்கம் கதவுக் கீலே சீக்கிரம் இற்றுப்போகும். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. அப்படியிருக்க, மெல்லிய தகரத்தில் செய்த பழைய ரயில் மாடலை இங்கே காப்பாற்ற வேண்டுமானால், வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் வழிமுறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்த மருந்தைத் தொடுவதற்கு முன்பும் கையில் ஒரு காந்தம் வேண்டும். ஒட்டினால் எஃகு அல்லது தகரம். ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை. ஒட்டாமல் சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. கீழே வரும் துருநீக்கித் தேர்வு இந்தச் சோதனையைப் பொறுத்தது.

அளவு எது என்பதில்தான் பழைய பொருள் வாங்குவோர் அதிகம் ஏமாறுகிறார்கள். எச்.ஓ. (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 1:87), ஓ.ஓ. (1:76) என்ற இரண்டு மாடல் அளவுகளும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. பாதையில். அதனால் சக்கரத்தை அளந்து பயனில்லை, பெட்டியை அளக்க வேண்டும். சென்னை ரயில்பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) நிஜப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ.; எச்.ஓ.வில் அது சுமார் 245 மி.மீ., ஓ.ஓ.வில் 280 மி.மீ. பாம்பன் பாதை 2007-இல் அகலப்பாதையாகும் வரை மீட்டர் கேஜ். அந்தக் காலக் காட்சியை எச்.ஓ.வில் அமைப்பவர்களுக்கு 12 மி.மீ. பாதைதான் பொருந்தும், 16.5-இல் வைத்தால் பார்த்ததுமே உறுத்தும்.

தண்டவாளத்தில் எஃகு, பித்தளை, நிக்கல் சில்வர் என்று மூன்று உண்டு. பழைய செட்டுகளோடு வரும் எஃகுத் தண்டவாளம் இந்தக் கரையில் ஒரு வாடைக்காலத்திலேயே செந்துரு பூத்துவிடும். அதற்கு இருக்கும் ஒரே நியாயம், அடியில் காந்தம் வைத்த ட்ரையாங், ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் மாடல் நிறுவனங்களின் சில பழைய இன்ஜின்கள் அதில்தான் நன்றாகப் பிடித்து ஏறும் என்பது. அந்த இன்ஜின் இல்லாதவர்கள் எஃகை வாங்கவே வேண்டாம். பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர் (பெயரில் மட்டும்தான் வெள்ளி) விலை கூடுதல் என்றாலும் அதன் படலம் அவ்வளவு தடுப்பதில்லை. இங்கே அதுதான் எங்கள் தேர்வு. உயரத்தில் கோட் 100, அதாவது 2.54 மி.மீ. எடுப்பது நல்லது. இன்னும் தாழ்வான கோட் 75 பார்க்க அழகு, ஆனால் பழைய சக்கரங்களின் ஆழமான விளிம்பு அதைக் கட்டையோடு பிடிக்கும் பிடிப்புகளில் தட்டித் தட்டித் தடம்புரளும்.

இந்தக் கடலோரத்தில் வண்டி நிற்பது பெரும்பாலும் தண்டவாளத்தின் மேல்பரப்பால் அல்ல, இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டால். தகட்டுக்குள் உப்பு இறங்கி மின்சாரம் நின்றுபோகும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இரண்டு வயர் சால்டர் செய்துவிட வேண்டும். சால்டர் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸ், ரோசின் (பிசின்) வகையாக இருக்கட்டும். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் சுலபமாகப் பிடிக்கும், ஆனால் அதில் மிஞ்சும் குளோரைடு உப்புக்காற்றோடு சேர்ந்து பற்றவைப்பையே பச்சையாக அரித்துவிடும்.

தண்டவாளம் துடைக்க உப்புத்தாளை எடுக்கவே கூடாது. அது விடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு போய் உட்காரும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நன்றாகக் கரைக்கும், படலம் விடாது. மண்ணெண்ணெயும் கரைக்கும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும். அதில் உப்புத்தூசி ஒட்டும், சக்கரத்தின் ரப்பர் வளையமும் வழுக்கும்.

இனித் துரு. தகர வண்டிக்கு வினிகர், சிட்ரிக் அமிலம், நடுநிலை (அமிலத்தன்மை இல்லாத) துருநீக்கித் திரவம் என்று மூன்று வழி. வினிகர் மலிவு, மெதுவாக வேலை செய்யும். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவியே பக்கத்தில் இருக்கும் இரும்பைத் துருவேற்றும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டருக்கு 50 கிராம் போதும். பெயின்ட் இல்லாத அச்சு, சக்கரம், திருகுகளை மட்டும் அதில் போட்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால் நல்ல இரும்பும் குழிவிழும். பிறகு ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்த தண்ணீரில் முக்க வேண்டும். கடைசி அலசலில்தான் பலர் தோற்கிறார்கள். கிணற்று நீரும் போர் நீரும் இங்கே பல இடங்களில் உப்பு. அதில் அலசினால் காய்வதற்குள் துரு திரும்பும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஹேர் டிரையரால் சூடாகக் காயவைத்து, உடனே மெல்லியதாகத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். படம் அச்சிட்ட தகர உடலுக்கு இரண்டு அமிலமும் ஆகாது. நடுநிலைத் திரவத்தைத் துரு உள்ள இடத்தில் மட்டும் பஞ்சால் ஒற்ற வேண்டும். செங்காவி நிறம் இரும்பு ஆக்ஸைடாக இருந்தால் அதுவும் வெளுக்கலாம் என்பதால், முதலில் அடிப்பக்கத்தில் சோதிப்பது அவசியம்.

காந்தம் ஒட்டாத துத்தநாக வார்ப்புக்கு எந்த அமிலமும், காஸ்டிக் சோடாவும் ஆகவே ஆகாது, உலோகமே கரையும். வார்ப்பில் மயிரிழை வெடிப்பும் வீக்கமும் இருந்தால் அது கலவையில் கலந்த ஈயம் போன்ற மாசால் வரும் நோய். வெப்பமும் ஈரமும் அதை விரட்டிக்கொண்டே போகும். பசையும் பெயின்டும் அதை நிறுத்தாது. மோட்டாரையும் சக்கரத்தையும் கழற்றிக் காப்பாற்றிவிட்டு உடலை மாற்றுவதுதான் வழி.

பழைய பெயின்டை எடுக்க, பிளாஸ்டிக் உடலுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே முதல் முயற்சி. பிரேக் ஆயில் எனாமலையும் பெயர்க்கும், ஆனால் சில பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும். அசிட்டோன் பாலிஸ்டைரீனை உருக்கிவிடும். புதுப் பெயின்டில், சட்டென்று காயும் லாக்கர் வகை இங்கே சிக்கல்: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். எனாமல் காய நாள் பிடித்தாலும் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் உச்சிவெயில் நேரத்தில் அடிப்பதே நல்லது.

துரு வேடம் போட, உப்பைத் தூவி மேலே பெயின்ட் அடித்து உதிர்க்கும் முறை ஒன்று உண்டு. உலோக உடலில் அதை இங்கே செய்யாதீர்கள். இடுக்கில் தங்கும் ஒரு கல் உப்பும் ஈரத்தை உறிஞ்சி நிஜத் துருவையே கொண்டுவரும். சாக்கட்டியைத் தேய்த்த பொடியைப் பிரஷ்ஷால் பூசி, மேலே மேட் வார்னிஷ் அடித்தால் அதே தோற்றம் கிடைக்கும். முடித்ததும் ஃபோம் இல்லாத, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வைக்கவும். ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம்.