அனாட்டமி – பிசியாலஜி படிக்க ஃப்ளாஷ் கார்டா, வெற்றுத்தாளா?

அனாட்டமி (உடலின் அமைப்பு) – பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்) பாடத்தை இரண்டு செமஸ்டர் படித்தேன். முதல் செமஸ்டரை முழுக்க ஃப்ளாஷ் கார்டை, அதாவது ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் உள்ள அட்டையை, நம்பி ஓட்டினேன். இரண்டாவதில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும் வெற்றுத்தாளுக்கு மாறினேன். இரண்டிலும் தேறிவிட்டேன். ஆனால் முதல் செமஸ்டரில் படித்த எலும்பும் தசையும் தேர்வு முடிந்த சில வாரங்களிலேயே உதிரத் தொடங்கின. இரண்டாவதில் படித்த இதயத்தையும் சிறுநீரகத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முதலிலிருந்து சொல்வேன். இதில் பாடத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பெயர்ப் பட்டியல் எப்போதுமே சீக்கிரம் மறக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது, மார்க்கரால் மஞ்சள் கோடு போடுவது ஆகியவற்றை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதைத் தாளில் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். படித்து முடித்த கையோடு 'எல்லாம் தெரிகிறதே' என்று தோன்றுவதும், தேர்வறையில் ஒன்றும் வராமல் போவதும் ஏன் என்று இது எனக்குப் புரியவைத்தது. மார்க்கரை அதோடு விட்டேன்.

மிச்சம் இருக்கும் இரண்டு வழிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். புத்தகத்தை மூடிவிட்டு, தலைக்குள் இருப்பதை வெளியே இழுக்க வேண்டும். அதை நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். கார்டு ஒரு கேள்விக்கு ஒரு பதிலைக் கேட்கிறது. வெற்றுத்தாள் ஒரு தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு முழுக் கதையையும் கேட்கிறது.

கார்டின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1972இல், கேள்வி அட்டைகளைப் பல பெட்டிகளில் பிரித்து வைக்கும் முறையைப் பரப்பினார். தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போய் தாமதமாகத் திரும்பும், தெரியாதது முதல் பெட்டிக்கே வரும். 2006இல் வந்த அன்கி செயலி அதே எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. எந்தக் கார்டை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்று நாம் யோசிக்கவே வேண்டாம். வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள், மணிக்கட்டில் மட்டும் எட்டு, மண்டை நரம்புகள் 12 ஜோடி, தண்டுவட நரம்புகள் 31 ஜோடி. இப்படிப் பெயரும் எண்ணிக்கையுமாக வரும் இடத்தில் கார்டுக்கு ஈடு கிடையாது. ஸ்காஃபாய்டு, லூனேட், ட்ரைக்விட்ரம், பிசிஃபார்ம் என்ற வரிசைக்குப் பின்னால் கதை எதுவும் இல்லை. மனப்பாடம்தான் வழி.

பெயர்களிலும் எல்லாவற்றுக்கும் கார்டு தேவைப்படாது. ஃப்ளெக்ஸர் கார்ப்பி அல்னாரிஸ் என்ற முன்கைத் தசை என்றால் மடக்குவது, மணிக்கட்டை, அல்னா (சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு) பக்கத்தில் இருப்பது. ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையின் பெயருக்குள்ளேயே அது ஒட்டியிருக்கும் மூன்று எலும்புப் பகுதிகளும் இருக்கின்றன: ஸ்டெர்னம் (மார்பெலும்பு), கிளாவிக்கிள் (காறை எலும்பு), மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு). பெயரைப் பிரித்துப் படிக்கப் பழகிய பிறகு தசைக் கார்டுகளில் பாதியைத் தூக்கிவிட்டேன்.

சரி, வெற்றுத்தாள். பாடம் முடிந்த அன்று இரவு ஒரு தாளை எடுத்து மேலே தலைப்பும் தேதியும் எழுதுவேன். புத்தகம் மூடியிருக்கும். பத்து நிமிடத்துக்குள் தெரிந்ததை எல்லாம் படமும் அம்புக்குறியுமாகப் போடுவேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாகப் போட்டதையும் சிவப்புப் பேனாவால் எழுதுவேன். இரண்டு நாள் கழித்து அதே தலைப்பில் புதுத்தாள், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. முதல் தாள் பெரும்பாலும் முக்கால்வாசி சிவப்பாகத்தான் இருக்கும். பலர் அங்கேயே இதை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். மூன்றாவது தாளில் சிவப்பு இரண்டு மூன்று வரியாகச் சுருங்கிவிடும்.

பிசியாலஜியில் இது ஏன் கார்டை வெல்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை ரெனின் வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது. முக்கியமாக நுரையீரல் ரத்தக் குழாய்களில் இருக்கும் ஏசிஇ என்ற நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. இது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணியை (வெளிப்பகுதியை)த் தூண்டி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் வெளிவிடச் செய்யும். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைத் திரும்ப உறிஞ்ச வைக்கும், கூடவே தண்ணீரும் திரும்பும், அழுத்தம் ஏறும். என்னிடம் இதற்கு ஒன்பது கார்டு இருந்தது. 'ரெனினைச் சுரப்பது எது?', 'ஏசிஇ முக்கியமாக எங்கே இருக்கிறது?' என்று ஒன்பதுக்கும் சரியான பதில் சொல்வேன். ஒருநாள் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது: 'ஏசிஇயை மருந்து கொடுத்துத் தடுத்தால் ரெனின் கூடுமா, குறையுமா?' எனக்குப் பதில் வரவில்லை. ஒன்பது துண்டும் கையில் இருந்தது, ஒன்றோடொன்று கோக்கவே இல்லை.

தாளில் வரைந்து வைத்திருந்தால் ஏசிஇ இருக்கும் அம்பின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தொடர்ந்து போனாலே போதும். ஆஞ்சியோடென்சின் 2 குறையும். ஆஞ்சியோடென்சின் 2 கூடினால் ரெனின் சுரப்பு குறையும் என்று காட்டும் பின்னோக்கிய அம்பும் தளரும். ஆக ரெனின் கூடும், ஆல்டோஸ்டிரோன் குறையும். பிசியாலஜி கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டு, மற்றது என்னவாகும் என்று கேட்பார்கள்.

எண்களும் இதே மாதிரி ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்கே நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டப்படுகிறது, ஒரு நாளைக்கு 180 லிட்டர். ஆனால் சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான். அப்படியென்றால் 99 சதவீதம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. கார்டில் இவை தனித்தனி எண்கள். தாளில் ஒன்று மறந்தால் பக்கத்து எண்ணிலிருந்து கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

இதெல்லாம் இருந்தும் என்னை உண்மையில் மாற வைத்தது வேறொன்று. பராமரிப்பு. கார்டு முறையைத் தொடங்கும்போது யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் நாளுக்கு 25 புதுக் கார்டு சேர்த்தேன். ஒரு மாதத்தில், பழைய கார்டுகளாகத் திரும்பி வருவது மட்டும் தினம் 200ஐத் தொட்டது. ஒரு கார்டுக்குப் பத்து விநாடி என்று வைத்தாலே அரை மணி நேரத்துக்கு மேல். கார்டைத் தயாரிக்க ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு மணி நேரம், அது தனி. அதுவரை சமாளித்தேன். அப்புறம் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டேன். எழுந்து செயலியைத் திறந்தால் 900க்கு மேல் பாக்கி. வகுப்பில் அதற்குள் நரம்பு மண்டலத்தைத் தொடங்கியிருந்தார்கள். பாக்கியைத் தீர்த்தால் புதுப்பாடம் நிற்கும், புதுப்பாடத்தைப் பிடித்தால் பாக்கி வளரும். மூன்றாம் நாள், பாதி தெரிந்த கார்டுக்கும் 'தெரியும்' என்று அழுத்தித் தள்ள ஆரம்பித்தேன். செயலி அதை நம்பி அந்தக் கார்டுகளை மூன்று வாரம் தள்ளி வைத்தது. அவை திரும்பி வந்தபோது சுத்தமாக மறந்திருந்தன. ஒரு வாரச் சோர்வு ஒரு மாத வேலையைக் கெடுத்துவிட்டது.

கல்லூரியில் படிக்கும் யாருக்கும் இப்படி ஒரு வாரம் வராமல் இருக்காது. உடம்பு சரியில்லாமல் போகும், வேறு பாடத்தின் தேர்வு வரும், வீட்டில் ஏதாவது நடக்கும். எந்தப் படிப்பு முறையானாலும், நான்கைந்து நாள் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் அது எந்த நிலையில் இருக்கும் என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

இரண்டாவது செமஸ்டரிலும் நான்கு நாள் விட்டுப்போனது. திரும்பி வந்து தாள்க்கட்டை எடுத்தேன். பாக்கி என்று எதுவும் குவிந்திருக்கவில்லை. சிவப்பு அதிகமுள்ள தாள் மேலே, அதற்குக் கீழே தேதி பழையது என்று அடுக்கினேன், மேலிருந்து தொடங்கினேன். அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். கார்டு கூடிக்கொண்டே போகும், தாள் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் இதயச் சுழற்சி, ரத்த ஓட்டத்துக்கு ரத்தக் குழாய்கள் தரும் எதிர்ப்பு, ரெனின் ஆகியவற்றுக்கு மூன்று தாள் வைத்திருந்தேன். நன்றாகப் புரிந்த பிறகு 'ரத்த அழுத்தம்' என்ற ஒரே தாளில் மூன்றும் அடங்கிவிட்டன. செமஸ்டர் நடுவில் 38 தலைப்பு இருந்தது, இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் 17. தலைப்புக்கு எட்டு நிமிடம் என்றால் மொத்தப் பாடத்தையும் இரண்டரை மணி நேரத்துக்குள் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட முடிந்தது. கார்டில் இருந்தபோது அப்படி ஒரு முழுச்சுற்று எனக்குக் கிடைத்ததே இல்லை.

படத்தை மறைத்துப் பெயர் கேட்கும் கார்டுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. முன்கையின் மேலடுக்குத் தசைகளை அப்படித்தான் படித்தேன். நாளடைவில் எனக்குத் தசை தெரியவில்லை, அந்தப் படம்தான் தெரிந்தது. வலது மூலைக்குப் பக்கத்துக் கட்டம் என்றால் ஃப்ளெக்ஸர் கார்ப்பி ரேடியாலிஸ் என்று கை தானாகச் சொல்லும். செய்முறைத் தேர்வில் மாதிரிக் கையை வேறு பக்கமாகத் திருப்பி வைத்து ஊசி குத்தியிருந்தார்கள். தடுமாறிவிட்டேன். தாளில் நாமே வரையும்போது இது வலக்கையா இடக்கையா, உள்ளங்கை எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் முதல் கோட்டையே போட முடியாது. இதயமும் அப்படித்தான்: இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) தாளின் வலப்பக்கம் வரும் என்பது இரண்டு முறை வரைந்தால் பதிந்துவிடும். ஆனாலும் செய்முறைத் தேர்வுக்குத் தாள் மட்டும் போதாது. மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. காணொளி முதல்முறை புரிந்துகொள்ள நல்லது, பார்த்து முடித்ததும் தாளில் எழுதாவிட்டால் நிற்காது. முதலெழுத்துச் சூத்திரங்கள் 12 மண்டை நரம்புகள் மாதிரியான வரிசைகளுக்கு உதவும். குழுவாகப் படிப்பதைப் பற்றி எனக்குப் பெரிய அனுபவம் இல்லை. ஒரே ஒரு தோழியோடு மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டிருக்கிறேன், அது வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) நன்றாகவே உதவியது. ஐந்தாறு பேர் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஹிஸ்டாலஜிக்கு (திசுக்களை நுண்ணோக்கியில் படிக்கும் பாடத்துக்கு) என் தாள்முறை பெரிதாகக் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திசுக்களை அடையாளம் காண வெவ்வேறு ஸ்லைடுகளை நிறையப் பார்ப்பதுதான் உதவியது.

அதே தோழி இரண்டு செமஸ்டரும் கார்டை ஒரு நாள் விடாமல் பார்த்தாள். செய்முறைத் தேர்வில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள். ஒரு நாளும் தவறவிடாத பழக்கம் உங்களுக்கு இருந்தால் பராமரிப்பைப் பற்றி நான் சொன்னது அவ்வளவாகப் பொருந்தாது. எனக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவில்லை.

செமஸ்டர் நடுவில் கார்டுப் பாக்கியோடு இதைப் படிப்பவர்கள் எதையும் அழிக்க வேண்டாம். புதுக் கார்டு சேர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். இருப்பதில் பெயர், எண்ணிக்கை, வரிசை என்ற மூன்று வகையை வைத்துக்கொண்டு 'எப்படி', 'ஏன்' என்று தொடங்கும் கார்டுகளை நிறுத்திவையுங்கள். என்னிடம் அப்படிச் சலித்த பிறகு 260 கார்டு மிஞ்சியது, அதில் அன்றன்று திரும்பி வருபவை காலையில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிறுத்திவைத்த கார்டுகளின் தலைப்புகளை ஒரு பட்டியலாக எழுதுங்கள், தாள் போட வேண்டிய தலைப்புகள் அவைதான். பழைய பாடத்திலிருந்து தொடங்க வேண்டாம். இன்று வகுப்பில் எது நடந்ததோ அதற்கு இன்றிரவே ஒரு தாள் போடுங்கள், பழையதை வாரக் கடைசியில் இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ளலாம்.