வயரைப் பிடுங்கினாலும் விசிலடிக்கும் சிக்னல் ஜெனரேட்டர்

போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டான்: "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அந்த ரெண்டு சேனல் சிக்னல் ஜெனரேட்டர் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?" அவனுக்கு இப்போதுதான் ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்கு வானொலி) வி.யு.3 அழைப்புக்குறி வந்திருக்கிறது, கை துறுதுறுக்கிறது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். மூன்று வருஷக் கடுப்பு போனில் அடங்காது.

கேட்ட ஃபிரீக்வென்சியில் சோதனை சிக்னல் தருவதுதான் இதன் வேலை. அந்த ஃபிரீக்வென்சியில் குறை சொல்ல முடியாது. 7.100 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டினால் அங்கேயே நிற்கிறது. வயிற்றெரிச்சல் எல்லாம் வெளிவரும் சிக்னலின் அளவில்தான். குறைந்தபட்சமே 5 மில்லிவோல்ட் பீக் டு பீக் (மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை). ரிசீவர் மாதிரி 50 ஓம் லோடு போட்டால் பாதியாகிறது. அந்தப் பாதியே, சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் எஸ்9 என்ற பலமான நிலைக்கும் மேல் 25 டெசிபல்! ரிசீவருக்கு எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை காது கேட்கிறது என்று பார்க்க வந்தவன் கையில் திருவிழா குழாய் ஸ்பீக்கரைக் கொடுத்த மாதிரி.

சரி, சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டர் செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். 62, 240, 62 ஓம் ரெசிஸ்டர்களை π எழுத்து வடிவில் வைத்து ஒரு பை செக்‌ஷன் கட்டினால் ஏறத்தாழ 20 டெசிபல் குறையும். நான்கு கட்டி, நடுநடுவே காப்பர் போர்டு துண்டுகளைத் தடுப்பாகப் பற்றவைத்து, பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். எஸ் மீட்டர் முள் படுத்திருக்க வேண்டும். அதுவோ எஸ்5-ல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கேபிளையே பிடுங்கிப் போட்டேன். அதே எஸ்5, அதே விசில்! பிளாஸ்டிக் பெட்டி வழியாகவும், கூட வந்த அடாப்டரின் வயர் வழியாகவும் கசிந்து ரிசீவருக்குள் போகிறது.

அடாப்டரைத் தூக்கிப்போட்டு, டிரான்ஸ்ஃபார்மரும் 7805 ரெகுலேட்டர் ஐசியும் வைத்து 5 வோல்ட் சப்ளை கட்டினேன். ஜெனரேட்டரையே தகரப் பெட்டிக்குள் வைத்து, வயர் நுழையும் இடத்தில் கசிவைத் தடுக்க ஃபெரைட் வளையம் மாட்டிய பிறகுதான் முள் இறங்கியது. பட்டனை அமுக்க ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறக்க வேண்டும், அது வேறு.

ஆனால் குரலை அனுப்பும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) டிரான்ஸ்மிட்டருக்கு, இரண்டு ஒலிகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் டூ டோன் டெஸ்ட் செய்யும் அன்று மட்டும் திட்ட வாய் வராது. ஒரு சேனலில் 700 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 1900. ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து மைக் ஜாக்கில் கொடுப்பேன். அந்தப் பாழாய்ப்போன 5 மில்லிவோல்ட் இங்கே கச்சிதம். டிரான்ஸ்மிட்டரின் அவுட்புட்டை அலைவடிவம் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் பாசிமணி கோத்த மாதிரி அலை ஓடும். மணியின் தலை தட்டையானால் மைக் கெயின் அதிகம். கொஞ்சம் குறைத்தால் உருண்டு திரளும். இதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பி, நீ வாங்காதே. ரிசீவரை டியூன் செய்து அலைன் பண்ணத்தான் கேட்கிறாய் என்றால், யாராவது மூத்த ஹாமின் கட்டிலடியில் பழைய இரும்புப் பெட்டி ஆர்எஃப் (ரேடியோ அலை) ஜெனரேட்டர் தூசி தின்றுகொண்டிருக்கும், விசாரித்துப் பார். என்னுடையதைக் கேட்காதே. கொடுப்பதாக இல்லை.