கிட்டிலிருந்து நேரடி நிறுவல்: பிப் எனக்குக் கைகொடுத்த விதம்

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் தரும் வசதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்தே தொகுப்பை நிறுவுவது. நான் நம்பியிருந்த ஒரு நூலகத்தில் பிழையைச் சரிசெய்து மெயின் (முதன்மை) கிளையில் சேர்த்துவிட்டார்கள். புதிய வெளியீடுதான் வந்தபாடில்லை. முகவரிக்கு முன்னால் ‘கிட்+’ சேர்த்து பிப் இன்ஸ்டால் கொடுத்தேன். களஞ்சியத்தை இறக்கி, பில்ட் செய்து, நிறுவியே கொடுத்துவிட்டது.

முகவரியின் கடைசியில் அட் குறி (@) போட்டு என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிளையின் பெயரை எழுதினால் இன்று வரும் நிரல் நாளை வராமல் போகலாம். டேக் என்ற பெயர்க்குறியைக்கூட யாராவது வேறு கமிட்டுக்கு (கிட்டில் பதிந்த இன்னொரு நிலைக்கு) நகர்த்திவிடலாம். அதனால் அந்தக் கமிட்டுக்கே உரிய அடையாளமான 40 எழுத்து கமிட் ஹாஷை முழுசாகப் போடுங்கள். எந்தக் கணினியிலும் அதே மூலநிரல்தான் இறங்கும். அப்புறம் நிறுவியவற்றைப் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் ஓட்டிப் பாருங்கள்: வெறும் பதிப்பு எண்ணுக்குப் பதில் முகவரியும் ஹாஷும் சேர்ந்தே வரும். எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பமே இல்லை. இந்த ஒழுங்குக்காகவே இதை மெச்சுகிறேன்.

குறைகளும் உண்டு. கணினியில் கிட் இருந்தாக வேண்டும். சி நிரல் கலந்த தொகுப்பென்றால் அதை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரும் வேண்டும். மெலிந்த டாக்கர் இமேஜ்களில் (செயலியை ஓட்டத் தேவையானதை மட்டும் அடைத்த பொதிகளில்) பெரும்பாலும் இரண்டுமே இருப்பதில்லை. பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐயின் தயார் வீல் (முன்பே பில்ட் செய்த கோப்பு) போலச் சட்டென்று முடியவும் முடியாது. இன்னொன்று, இப்படியொரு நேரடி முகவரியைத் தனக்குத் தேவையான சார்பாகக் குறித்த தொகுப்பை பைபிஐ ஏற்காது. சொந்தத் தொகுப்பை வெளியிட நினைப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.