நோட்டிலிருந்து டேப்புக்கு: பேஸிக் புரோகிராம்களோடு மூன்றரை வருடம்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மண்டபம் ஊரில் கேசட் பிழைக்காது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் அலமாரிக்குள் மடித்து வைத்த சட்டையே பிசுபிசுக்கும். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அதை அழுத்திப் பிடிக்கும் சின்னத் தகடு உப்புக் காற்றில் துருவேறி உதிரும். 1989-ல் ராமநாதபுரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டரில் பேஸிக் என்ற நிரல்மொழி படித்தேன். புரோகிராமைச் சத்தமாக மாற்றிக் கேசட்டில் பதிவு செய்யும் மெஷின் அது. அப்போது பதிவு செய்த ஏழு கேசட்டில் இன்றைக்கு ஒன்றுதான் சத்தம் தருகிறது. முழுசாகத் தப்பித்தது ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட புரோகிராம்கள், வரி எண்ணோடு, நீல மையில் என் கையெழுத்தில் இருக்கின்றன.

அந்த நோட்டை லேப்டாப்பில் சாதாரண உரைக் கோப்பாக அடித்து, டேப் கோப்பாக (கேசட்டுக்குப் பதிலாக இருக்கும் கோப்பு) மாற்றி, லேப்டாப்பையே ஸ்பெக்ட்ரம் போல நடக்க வைக்கும் ஃபியூஸ் என்ற எமுலேட்டரில் ஓட்டத் தொடங்கி மூன்றரை வருடம் ஆகிறது. இதற்கு நான் பயன்படுத்துவது இரண்டு கருவிகள்: ரஸ்ஸல் மார்க்ஸ் எழுதிய ஸெட்மேக்பாஸ், மார்ட்டைன் வான் டெர் ஹெய்டே எழுதிய பாஸ்2டாப். இரண்டும் இலவசம், இரண்டும் கட்டளை வரியில் ஓடுபவை, இரண்டும் கண் சிமிட்டும் நேரத்தில் வேலையை முடித்துவிடும். அதனால் வேகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எது எங்கே காலை வாருகிறது என்பதைத்தான்.

முதலில், எதற்கு மாற்ற வேண்டும்? ஸ்பெக்ட்ரம் நாம் அடிக்கும் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. 'பிரிண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்தும் அதற்குள் 245 என்ற ஒரே பைட். 'கோ டூ' 236, 'லெட்' 241. 165-லிருந்து 255 வரை எல்லாமே இப்படிப்பட்ட கட்டளைச் சொற்கள். வரி எண்ணுக்கு இரண்டு பைட், வரியின் நீளத்துக்கு இரண்டு பைட், கடைசியில் 13. இதுவரை யாருக்கும் சிக்கலில்லை. எண்கள்தான் விஷயம். புரோகிராமில் 100 என்று எழுதினால் மூன்று இலக்கங்கள் மட்டும் போகாது. அவற்றுக்குப் பின்னால் 14 என்ற குறி, அதன் பின் அந்த எண்ணின் மதிப்பு ஐந்து பைட்டில் ஒளிந்திருக்கும். திரையில் தெரிவது இலக்கம், கணக்குப் போடுவது ஒளிந்திருக்கும் ஐந்து பைட். தொடக்கத்தில் நானே ஒரு சின்ன மாற்றியை எழுதிப் பார்த்தேன். அந்த ஐந்து பைட்டை விட்டுவிட்டேன். பட்டியல் திரையில் அச்சுப் பிசகாமல் வந்தது, ஓட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு ராத்திரி முழித்த பிறகுதான் காரணம் புரிந்தது. இந்த வேலையைத் தெரிந்தவர்கள் எழுதிய கருவியிடம் விட்டுவிடுவது நல்லது.

இதே காரணத்தால் என் நோட்டில் ஒரு விசித்திரம் உண்டு. நோட்டில் பாதியை அடித்துக் கொடுத்தவள் என் அக்கா மகள். ஒருநாள் கேட்டாள்: "மாமா, எண்ணுக்குப் போயி ஏன் மேற்கோள் குறி போட்டிருக்கீங்க? இங்க பாருங்க, வால் போட்டு அதுக்குள்ள 100னு இருக்கு."

"இடம் பத்தாதும்மா. வால்ங்கிறது மேற்கோளுக்குள்ள இருக்கிறத எண்ணா மாத்துற கட்டளை. வெறும் 100னா ஒம்பது பைட் தின்னும். வால் போட்டா ஆறுதான்."

"சரி, இது என்ன, நாட் பை?"

"அது பூஜ்யம். பை பூஜ்யம் இல்ல, அதனால நாட் போட்டா பூஜ்யம் வரும். பூஜ்யம்னு எழுதினா ஏழு பைட், நாட் பைன்னா ரெண்டு."

அவள் அன்றைக்கு நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிலகத்தில் இருந்தது 16கே மெஷின், அதாவது நினைவகம் 16 கிலோபைட். பேஸிக்குக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்பது கிலோபைட். மூன்று மூன்று பைட்டாக மிச்சம் பிடித்துத்தான் அந்த நோட்டே நிரம்பியது. இரண்டு கருவிகளும் இந்தக் குறுக்குவழிகளைச் சரியாகவே மாற்றுகின்றன. ஆனால் சின்ன எழுத்தில் பை என்ற பெயரில் ஒரு மாறி வைத்திருந்தால் போச்சு. கட்டளைச் சொற்களைச் சின்ன எழுத்தில் அடித்தாலும் ஸெட்மேக்பாஸ் ஏற்றுக்கொள்ளும். அதனால் உங்கள் மாறியையும் வட்டத்தின் பை என்றே எடுத்துக்கொள்ளும். பாஸ்2டாப் இயல்பாகப் பெரிய எழுத்தை மட்டுமே கட்டளையாக எடுக்கும். சின்ன எழுத்தும் வேண்டுமென்றால் கட்டளை வரியில் தனியாக 'சி' என்ற சுவிட்ச் (விருப்பக் குறி) போட வேண்டும். நான் போடுவதில்லை. கட்டளை பெரிய எழுத்து, மாறி சின்ன எழுத்து என்று பிரித்து அடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தொல்லை தானாகவே போய்விடும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேறு. பாஸ்2டாப் இலக்கணம் பார்க்கும். அடைப்புக்குறி விட்டுப்போனால், மேற்கோள் மூடாவிட்டால், எந்த வரி என்று சொல்லி நிறுத்திவிடும். ஸெட்மேக்பாஸ் அவ்வளவு கண்டிப்பு இல்லை. பெரும்பாலும் கொடுத்ததைக் கட்டிக் கொடுத்துவிடும், தவறு இருந்தால் எமுலேட்டரில் ஓடும்போதுதான் தெரியும். பழைய நோட்டிலிருந்து அடிப்பவர்களுக்கு முதல் வேலைக்குப் பாஸ்2டாப்தான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. மை மங்கிய இடத்தில் 1 என்ற எண்ணை 'ஐ' என்ற ஆங்கில எழுத்தாகவும், 0-வை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தாகவும் அடித்திருப்போம். அத்தனையும் பிடிக்காது என்றாலும் பலவற்றைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. நாமே ஒரு கணக்கு வாய்பாட்டுக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் 'டெஃப் எஃப்என்' வரிகளிலும் அது கவனமானது. அந்த வரியில் ஒவ்வொரு அளபுருவுக்குப் பின்னும் மெஷினுக்குக் காலி இடம் விட வேண்டும். பாஸ்2டாப் அதைத் தானாகவே விடுகிறது. என் அமாவாசை, பௌர்ணமி கணக்கு முழுவதும் அப்படிப்பட்ட ஒரு வரியில்தான் நிற்கிறது: ஒரு தேதிக்கும் பழைய அமாவாசை ஒன்றுக்கும் இடையிலுள்ள நாட்களை 29.53059-ஆல் வகுத்து, முழு எண்ணைக் கழித்துப் பின்னத்தை எடுப்பது. அது சரியாக ஓடிய அன்று நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

புதிதாக எழுதும்போது ஸெட்மேக்பாஸ் பக்கம் போய்விடுவேன். அதில் வரி எண்ணே இல்லாமல், பெயர் வைத்த அடையாளங்களைக் கொண்டு எழுதலாம். 'மறுபடி' என்ற இடத்துக்குப் போ என்று சொன்னால் போதும், எண்ணை அது போட்டுக்கொள்ளும். நடுவில் இருபது வரி நுழைக்க வேண்டியிருந்தால் இது எவ்வளவு நிம்மதி என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

குறை என்று ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். எழுத்தின் இடத்தில் நாமே வரைந்துகொள்ளும் சின்ன உருக்களை ஸெட்மேக்பாஸில் பின்சாய்கோடு போட்டு எழுத வேண்டும், பாஸ்2டாப்பில் நெளி அடைப்புக்குறிக்குள். ஒன்றுக்கு எழுதிய உரை மற்றதில் ஓடாது. ஆறு மாதம் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு அல்லாடினேன். பிறகு எல்லா இடத்திலும் சிஹெச்ஆர்$ 144, சிஹெச்ஆர்$ 145 என்று (எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய உருவைத் தரும் கட்டளை இது) எண்ணாகவே எழுத ஆரம்பித்தேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஒரே உரை, இரண்டு கருவியிலும் ஓடுகிறது.

தமிழுக்கு வருகிறேன், எனக்கு அதிக நேரம் பிடித்தது அங்கேதான். ஆசையில் ஒருமுறை பிரிண்ட் வரிக்குள் நேரடியாக 'அ' என்று யூனிகோடில் அடித்துப் பார்த்தோம். திரையில் 'எல்பிரிண்ட்', 'வால்$', அதன் பின் பாதி கறுப்புக் கட்டம் வந்தது. யூனிகோடில் 'அ' மூன்று பைட்டாகப் போகிறது: 224, 174, 133. ஸ்பெக்ட்ரமுக்கு 224 எல்பிரிண்ட், 174 வால்$, 133 கட்ட உரு. அது தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. இதே வம்பு போனில் அடிப்பவர்களுக்கும் வரும்: போன் விசைப்பலகை சில சமயம் வளைந்த மேற்கோள் குறியைப் போட்டுவிடும், அது 34 அல்ல, புரோகிராம் அந்த வரியில் நின்றுவிடும். வாட்ஸப்பில் அனுப்பி வாங்கிய உரையை மாற்றும் முன் மேற்கோள்களை ஒருமுறை தேடி மாற்றிவிடுங்கள்.

ஆக, தமிழ் எழுத்தை எட்டுக்கு எட்டு கட்டத்தில் நாமேதான் வரைய வேண்டும். 48கே மெஷினில் நாம் வரைந்துகொள்ள இடம் 21. அக்கா மகள் மன்னார் வளைகுடாத் தீவுகளை வரைபடமாகப் போட வேண்டும் என்றாள். தீவும் 21! குருசடை, முயல் தீவு, மனோலி, தலையாரி, அப்பா தீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உரு வரைந்தோம். கடலில் அமிழ்ந்துபோன பூவரசன்பட்டிக்கும் விலங்குச்சல்லிக்கும் புள்ளி புள்ளியாக. முடித்தால் ஒரு இடம்கூட மிச்சமில்லை. பெயரை எழுத எழுத்துக்கு எங்கே போவது?

வழி இருக்கிறது. உருக்கள் தொடங்கும் முகவரி 65368. அது 23675, 23676 என்ற இரண்டு பைட்டில் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதல் வரியில் கிளியர் 65199 கொடுத்து (அதற்கு மேலுள்ள இடத்தைப் பேஸிக் தொடாது), 65200-லிருந்து இரண்டாவது தொகுப்பை வைத்தோம். 21 உருவுக்கு 168 பைட், 65367-ல் முடிகிறது, முதல் தொகுப்போடு இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கிறது. எழுத்து வேண்டும்போது 23675-ல் 176, 23676-ல் 254 (254-ஐ 256-ஆல் பெருக்கி 176 கூட்டினால் 65200). தீவு வேண்டும்போது 88, 255. திரையில் ஏற்கெனவே வரைந்தது அழியாது. ண, ன போன்ற அகலமான எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் எடுத்துக்கொண்டோம். 'மனோலி' என்று அந்த முப்பத்திரண்டு எழுத்து அகலத் திரையில் தமிழில் தெரிந்தபோது இருவரும் எழுந்தே நின்றுவிட்டோம்.

டேப் கோப்பு பற்றி இரண்டு வார்த்தை. டாப் வடிவம் எளிமையானது: ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் இரண்டு பைட் நீளம், முதல் துண்டு 19 பைட் தலைப்பு, அதில் பத்து எழுத்துக்குள் பெயர், தானாக ஓடத் தொடங்கும் வரி எண், அடுத்தது புரோகிராம். இரண்டு கருவியிலும் அந்த வரி எண்ணை 'ஏ' சுவிட்சில் தரலாம். பேஸிக்குக்கு இது தாராளமாகப் போதும். டிஸட்எக்ஸ் வடிவம் வேறு வேகத்தில் பதிவான விளையாட்டுகளுக்குத்தான் தேவை. ஃபியூஸ் வழக்கமாக டேப்பை நொடியில் ஏற்றிவிடும். பிள்ளைகளுக்குக் காட்டும்போது அந்த அவசர ஏற்றத்தை நிறுத்திவிடுவேன். சிவப்பும் வெளிர்நீலமும், பிறகு நீலமும் மஞ்சளும் ஓரத்தில் ஓட வேண்டும், அந்தச் சத்தம் கேட்க வேண்டும். நாலு கிலோபைட்டுக்குச் சுமார் அரை நிமிடம்தான்.

பரமக்குடியில் என் பழைய வகுப்புத் தோழரிடம் நிஜ மெஷின் ஒன்று இன்னும் ஓடுகிறது. டேப் கோப்பை ஃபியூஸோடு வரும் கருவித் தொகுப்பால் ஒலிக் கோப்பாக்கி, போனிலிருந்து ஹெட்ஃபோன் வயர் வழியாக மெஷினில் கேசட் சத்தம் வாங்கும் 'இயர்' என்ற துளைக்குக் கொடுத்தோம். ஒலி முழுமைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். போனை விமானப் பயன்முறையில் போட மறந்துவிடாதீர்கள். எங்களுக்கு முதல் தடவை கடைசி ஐந்து நொடியில் ஒரு அழைப்பு வந்து, டேப் பிழை என்று நின்றுபோனது. அதே தொகுப்பு எதிர்த்திசையிலும் உதவியது: சத்தம் தந்த அந்த ஒரே கேசட்டைப் பதிந்து, டேப் கோப்பாக்கி, அதிலிருந்து பேஸிக் உரையைத் திரும்ப எடுத்தோம். நோட்டில் விட்டுப்போயிருந்த நாலு வரி அப்படித்தான் கிடைத்தன. இப்போது நான் பாதுகாப்பது உரைக் கோப்பை மட்டும். டேப் கோப்பை வேண்டும்போது புதிதாகக் கட்டிக்கொள்கிறேன்.

உரையாக வைத்திருப்பதன் அருமை 2025-ல் நன்றாகப் புரிந்தது. நோட்டின் பன்னிரண்டாம் பக்கம் பாம்பன் பாலம்: 1914-ல் திறந்த பழைய பாலத்தின் இரண்டு கைகளும் மேலே எழும்ப, நடுவே படகு போகும். சைன், கொசைன் போட்டு ஒவ்வொரு கோணத்துக்கும் கோடு வரைவதால் மெதுவாகத்தான் எழும். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்ததும், "மாமா, இது நேரா மேல போகுது, நம்ம புரோகிராம் தப்பாப் போச்சே" என்றாள் அக்கா மகள். உரையைப் பிரதி எடுத்து, கோணக் கணக்கை எல்லாம் நீக்கி, ஒரு செவ்வகத்தை மேலேற்றும் சுற்று ஒன்றை வைத்தோம். முப்பத்தெட்டு வரி பதினொன்றாகக் குறைந்தது, ஓட்டமும் வேகம். பழையதை அழிக்கவில்லை. ஒரே டாப் கோப்பில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். முதலாவது முடிந்ததும் இரண்டாவதை அதுவே ஏற்றும்.

இன்னும் ஒன்பது புரோகிராம் பாக்கி. இப்போது அடித்துக்கொண்டிருப்பதில் 340-ஆம் வரியில் பாதியைப் பூச்சி அரித்திருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள வரிகளை வைத்துப் பார்த்தால் அது ஒரு 'கோ சப்' (வேறு வரிக்குப் போய் வேலையை முடித்துத் திரும்பி வரச் சொல்லும் கட்டளை) ஆகத்தான் இருக்க வேண்டும். எந்த வரிக்கு என்பதைத்தான் இந்த வாரம் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பார்க்கிறோம்.