46,800 ரூபாய்க்கு ஒரு ரவுட்டர்: தங்கும் விடுதி நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் எங்கள் குடும்பம் ஒரு சிறிய தங்கும் விடுதியை நடத்தி வருகிறது. பின்புறம் புதிதாகக் கட்டிய மூன்று தளங்களுக்கும் இணைய வசதி செய்வதற்காக, பழைய ரவுட்டர்களைப் புதுப்பித்து விற்பதோடு வந்து பொருத்தியும் தரும் ஓர் இணையக் கடையை நம்பி 46,800 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். பெயரை எழுதினால் வழக்குத் தொடுப்போம் என்று நேற்று மிரட்டியதால், கடையின் பெயரைச் சொல்லவில்லை.

ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் எங்கள் முன் கட்டட அலுவலகத்தில் இருக்கிறது. முகவரி வேண்டி ஒரு செல்பேசி அனுப்பும் பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் பொதுவாகக் கூவும் செய்தி) ரவுட்டரைத் தாண்டாது என்பதால், அதை வாங்கிச் சர்வரிடம் சேர்ப்பிக்கும் 'ரிலே' வேலையைப் புதிய ரவுட்டர் செய்ய வேண்டும். தளத்துக்கு ஒரு வீலான் (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி வலை) போட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வரிசை தேவையில்லை, மூன்றுக்கும் ஒரே வரிசை போதும் என்று அவர்களின் பொறியாளர் சொன்னபோது, வேலை மிச்சம் என்று நானும் மகிழ்ந்தேன்.

மாடிப்படிக்குக் கீழே நின்று என் செல்பேசியின் வைஃபையை அணைத்து மீண்டும் இயக்கி, திரையில் 192.168.20.57 என்று வந்ததைச் சுட்டிக்காட்டி, "பாத்துக்கங்கண்ணே, இனிமே இதுல கை வைக்கிற வேலையே இருக்காது" என்றார். வாங்கி வைத்த தேநீரை அவர் குடித்து முடிப்பதற்குள் மீதித் தொகையையும் அனுப்பிவிட்டேன். ஆக மொத்தம் 46,800 ரூபாய்.

ஐந்தாம் நாள் ஒரு மின்வெட்டு. ஸ்விட்ச்சும் வைஃபை பெட்டிகளும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்க, ரவுட்டரை மட்டும் அவர் சாதாரண பிளக்கில் சொருகிவிட்டுப் போயிருந்ததால், அது மட்டும் அணைந்து எழுந்தது. அதன்பின் வைஃபை முழுக்கோடு காட்டியும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. விருந்தினர் வைஃபையை அணைத்துப் போட்டால் வேலை செய்தது; கேமராக்களுக்கும் அறைத் தொலைக்காட்சிகளுக்கும் அதை யார் செய்வது?

கடைக்கு அழைத்தால் முதலில் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். அடுத்த முறை, கடலோர உப்புக் காற்று கருவியைக் கெடுத்திருக்கும், அது உத்தரவாதத்தில் வராது என்றார்கள். ஒரு வாரத்தில் உப்பு அரிக்கும் ரவுட்டரை இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த நான் இதுவரை கண்டதில்லை. சில நாள்களில் கேமராக்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே உயிர்பெற்றதும், "அதான் சரியாயிருச்சே சார்" என்று வைத்துவிட்டார்கள். அண்ணன் சார் ஆகிவிட்டான். மறுநாள் மீண்டும் மின்வெட்டு, மீண்டும் அதே கதை.

செல்பேசி நிறுவனமொன்றில் பணிபுரியும் என் மைத்துனன் மகன் சாயல்குடியிலிருந்து வந்து, ரவுட்டரின் வழித்தட அட்டவணையைத் திறந்து பார்த்தான். மூன்று தளங்களும் ஒரே வரிசையில் இருந்தால், எந்த முகவரி எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது ரவுட்டருக்குத் தெரியாது. சர்வரின் ஒப்புதல் ரிலே வழியாகப் போகும்போது அதைப் பார்த்து, ஒவ்வொரு கருவிக்கும் தனியே ஒரு ஹோஸ்ட் ரூட் எழுதிக்கொள்ளும். அதாவது /32 என்று முடியும் ஒற்றை முகவரிக்கான வழி. ரவுட்டர் அணைந்ததும் அவை அத்தனையும் நினைவகத்திலிருந்து அழிந்துவிட்டன. கருவிகளோ 8 நாள் குத்தகையை, அதாவது முகவரியை அத்தனை நாள் வைத்துக்கொள்ளச் சர்வர் தந்த அனுமதியை, கையில் வைத்துக்கொண்டு எதுவும் அறியாமல் இருந்தன. பாதிக் குத்தகையில் அவை சர்வரிடம் நேரடியாகவே புதுப்பிக்கக் கேட்கும். பதில் திரும்பிவர வழி இல்லை. குத்தகையில் எட்டில் ஏழு பங்கு கழிந்த பிறகுதான் மறுபடி பிராட்காஸ்ட் அனுப்பும், ரிலே அதைப் பார்க்கும், வழி மீண்டும் எழுதப்படும். கேமராக்கள் தாமாகவே உயிர்பெற்ற மர்மம் இதுதான்.

இந்த ஏற்பாடே தவறு என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அந்த ஹோஸ்ட் ரூட்களின் பட்டியலை வெளியே சேமித்து வைத்து, எழுந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளும் வசதியைப் பொறியாளர் அமைக்கவே இல்லை. இதைச் சொல்லிக் கேட்டதற்கு, "கான்ஃபிகரேஷனுக்குத் தனிக் கட்டணம்" என்று பதில். 46,800 ரூபாயில் 9,000 அதற்குத்தான் என்று அவர்கள் பில்லிலேயே இருக்கிறது!

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. முகவரி வந்ததைக் காட்டினால் பணம் கொடுத்துவிடாதீர்கள். ரவுட்டரை மட்டும் அணைத்துப் போட்டு, வேறெதையும் தொடாமல் கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தளத்துக்கு ஒரு வரிசை கேளுங்கள். பில்லில் பொருத்தும் கூலி தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகாரைப் பதிவுசெய்திருக்கிறேன்.